அளவு உடம்பு

இடது முழங்கால் காலையில் எழுந்தவுடன் வலிக்காது. பல் தேய்க்கும்போதும் வலிக்காது. பள்ளிக்கூடத்துக்கு நடக்க ஆரம்பித்து, ரேஷன் கடையைத் தாண்டும்போது சில்லுக்குள் யாரோ சரளைக் கல்லைப் போட்டு ஆட்டுவதுபோலத் தொடங்கும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நிற்காது.

பதினேழு வயதில் வந்த வலி இது. தலையில் உப்புப் பெட்டியோடு, லாரிக்குச் சாத்திய பலகையில் ஏறும்போது சறுக்கி விழுந்தேன். கட்டுப் போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் மறுபடியும் உப்பளத்துக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? வாரிக் குவித்த உப்பு மழையில் கரைந்துவிடும், நம் கால் ஆறும்வரை காத்திருக்காது.

அந்தக் காலோடுதான் கபடி ஆடினேன், உடற்கல்வி படித்தேன், கோரைத்திட்டு நடுநிலைப் பள்ளியில் பி.டி. டீச்சர் ஆனேன். வலியை மறைக்க ஒரு நடை இருக்கிறது. மூன்று அடி நேராக வைக்க வேண்டும். நாலாவது அடியில், இடது கால் ஊன்றும்போது, கண் இமைக்கும் நேரம் நின்று, இடது தோளைக் கொஞ்சம் இறக்கி, பாரத்தை வலது இடுப்புக்கு மாற்ற வேண்டும். இருபத்தாறு வருடம் அப்படியே நடந்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மைதானத்தின் நாலு மூலையிலும் கம்பம் நட்டது இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம். ஒவ்வொரு கம்பத்திலும் ஆறு கேமரா, உச்சியில் ஒரு விளக்கு. பிள்ளைகள் நடப்பது, ஓடுவது, தாண்டுவது, எறிவது, பிடிப்பது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். சரியாகச் செய்தால் பச்சை எரியும், தப்பென்றால் சிவப்பு. அசைவுத் தகுதி இல்லாத பிள்ளை மேல்வகுப்புக்குப் போக முடியாது என்று உத்தரவு வந்திருந்தது. கணக்கில் தோற்றாலும் போகலாம். கால் வைப்பதில் தோற்றால் போக முடியாது.

கம்பத்தைப் பூட்டிக் கொடுக்கச் சென்னையிலிருந்து நிவேதினி என்கிற இன்ஜினியர் பெண் வந்திருந்தாள். வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என்னிடம் விளக்கினாள்.

"டீச்சர், உங்க ஊர்ல உப்பு வெளிச்சம் ரொம்ப ஜாஸ்தி. தரையும் கடல் பக்கம் சாயுது. அதனால சரியா நடக்கிற ஒரு உடம்ப மெஷினுக்கு முதல்ல காட்டணும். அப்புறம் பிள்ளைங்க ஒவ்வொருத்தரையும் அந்த உடம்போட ஒப்பிட்டு அதுவே மார்க் போட்டுடும்."

"யாரு ஒடம்பு?"

"பி.டி. டீச்சர் உடம்புதான். உத்தரவுல அப்படித்தான் இருக்கு."

"தையக்காரன்ட்ட அளவு ஜாக்கெட் குடுக்க மாதிரியா?"

அவள் சிரித்துவிட்டாள். "அதேதான் டீச்சர். நீங்கதான் அளவு உடம்பு."

பிறகு கையிலிருந்த பலகைக் கணினியைப் பார்த்து ஒரு கேள்வி வாசித்தாள். "எலும்பு, மூட்டு, தசையில ஏதாவது வலி, கோளாறு?"

"ஒண்ணும் இல்ல," என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. உப்பளத்தில் விடியுமுன்னே கணக்கப்பிள்ளை வரிசையாக நிறுத்தி, "ஒடம்பு எப்படி?" என்று கேட்பார். கால் வலி என்று வாய் திறந்தவள் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். காய்ச்சலா, ஒண்ணும் இல்ல. கண் வீக்கமா, ஒண்ணும் இல்ல. என் அம்மா ஒரு நாள் காலையில் அப்படிச் சொல்லிவிட்டு வரப்பில் இறங்கினாள், மதியம் நான் பிறந்தேன். உடம்பைப் பற்றி யார் கேட்டாலும் எங்கள் ஆட்களின் நாக்கு தானாகவே அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிடும். அன்றைக்கு என் நாக்கும் சொல்லிவிட்டது.

ஒரு மணி நேரம் நடந்தேன், ஓடினேன், தாண்டினேன், பந்தை எறிந்தேன், பிடித்தேன். கடைசியில் கம்பம் பேசியது. "நன்றி, தங்கபுஷ்பம். சரியான உடம்பு பதிவாகிவிட்டது." ஐம்பது வயதில் ஒரு கம்பத்தின் வாயால் அதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

மறுநாள் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளை நடக்கவிட்டோம். அத்தனை பேருக்கும் சிவப்பு.

தலைமையாசிரியர் ஆபிரகாம் சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன டீச்சர் இது? ஒரு பிள்ளைக்குக்கூடவா நடக்கத் தெரியல?"

அப்போது திடீரென்று பச்சை எரிந்தது. திரும்பிப் பார்த்தேன். ஏழாம் வகுப்பு ஷைனி என் முதுகுக்குப் பின்னால் என்னை மாதிரியே நடந்து, தோழிகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று அடி நேராக, நாலாவது அடியில் ஒரு நிறுத்தம், இடது தோள் இறக்கம். என்னைப் பார்த்ததும் பயந்து நேராக நடந்தாள். சிவப்பு. யாரோ பின்னாலிருந்து, "ஏட்டி, டீச்சர் மாதிரி நட, டீச்சர் மாதிரி நட!" என்று கத்த, மறுபடி நாலாவது அடியில் நின்றாள். பச்சை.

இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

அரை மணி நேரத்தில் மைதானம் முழுக்கப் பச்சை. இருநூறு பிள்ளைகள் என் முழங்காலைக் காலில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். சார் நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, "பாத்தீயளா, பயிற்சி குடுத்தா எல்லாம் வரும்," என்றார்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளைக்குள் நாங்கள் மாவட்டத்தில் முதலிடம் வந்துவிட்டோம்.

அதன்பின் நடந்ததை நானே பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். மற்ற பள்ளிகளிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் பிள்ளைகளின் நடையைக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். இத்தனை பச்சை விழுந்த பள்ளியின் அளவுதான் சிறந்த அளவு என்று மேலே முடிவாகி, மாவட்டத்திலுள்ள எல்லாக் கம்பங்களிலும் என் உடம்பை ஏற்றினார்கள். பஜாரில் இரண்டு இடத்தில் நடை டியூஷன் ஆரம்பித்தது. சுதந்திர தின அணிவகுப்பில் ஆறு பள்ளிகள் சேர்ந்து நடந்தன. ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் நாலாவது அடியில் ஒன்றாக நின்று, ஒன்றாக இடது தோளை இறக்கினார்கள். மேடையிலிருந்த பெரிய அதிகாரி, என்ன கட்டுப்பாடு, என்ன கட்டுப்பாடு என்று எழுந்து நின்று கைதட்டினார். ஊரில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையும் நாலாவது அடியில் நின்றார். கேட்டதற்கு, படிச்ச பிள்ளைங்க அப்படித்தான நடக்காங்க என்றார்.

எங்கள் பள்ளியில் ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் பச்சை விழவில்லை. ஐந்தாம் வகுப்பு முத்தரசி.

அவள் அம்மா சண்முகக்கனி அளத்தில் உப்பு வாருகிறவள். பிள்ளை தினமும் பள்ளிக்கு வருமுன் அம்மா இருக்கும் பாத்திக்குக் குடிதண்ணீர் கொண்டுபோவாள். தலையில் பிளாஸ்டிக் குடம், ஒரு முழ அகல வரப்பு, இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீர். குடத்துக்கு மூடி கிடையாது. சிந்தினால் அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீர் குறையும் என்பதால் சிந்தாமல் நடக்கக் கற்றுக்கொண்டவள். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்லை. அவள் நடந்து போனால் தரை அவளுக்கு வழிவிட்டு நகர்வதுபோல இருக்கும். கம்பத்துக்கு அது பிடிக்கவில்லை.

"நாலாவது அடியில நில்லுட்டி," என்பேன்.

நிற்பாள். ஆனால் உடம்பு நிற்காது. இடுப்பு தன்பாட்டுக்கு அடுத்த அடிக்குப் போய்விடும். தோளை இறக்கச் சொன்னால் தலை தானாக நிமிர்ந்து சமன் செய்துவிடும். மற்ற பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, நடித்துவிட்டுப் போனார்கள். இவளுக்கு நடிக்கத் தெரியவில்லை.

மாதம் ஒரு தேர்வு. மூன்று மாதம், மூன்று சிவப்பு. கடிதம் வந்தது. முத்தரசியை ஒரு வருடம் அசைவுச் சீரமைப்பு விடுதிக்கு அனுப்ப வேண்டும், நானூறு கிலோமீட்டர் தள்ளி. இடது காலில் இடுப்புவரை இரும்புச் சட்டம் பூட்டுவார்கள். சட்டம் நாலாவது அடியில் தானாக மடங்கும். பெற்றோர் மாதம் ஒருமுறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்.

அன்றைக்குத்தான் தலைமையாசிரியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"சார், எனக்கு முழங்கால் கெட்டுப்போயிருக்கு. அன்னைக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன். பிள்ளைங்க நடக்குறது பூரா என் நொண்டி நடைதான். முத்தரசி ஒருத்திதான் இங்க ஒழுங்கா நடக்கா."

"என்ன டீச்சர், வெளையாடுதீயளா? மாவட்டம் பூரா ஒங்க கால்லதான நிக்குது."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

"இருநூத்திப் பதினோரு பிள்ளைக்குப் பச்சை. ஒரு பிள்ளைக்குச் சிவப்பு. நீங்க இப்ப வாயத் தொறந்தா இருநூத்திப் பதினொண்ணும் சிவப்பாயிரும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு சார்."

அவர் நல்ல மனிதர்தான். பெருமூச்சு விட்டுவிட்டு நிவேதினியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"டீச்சர், உங்க புகாரை மெஷின்ல போட்டுப் பார்த்தேன். ஏத்துக்க மாட்டேங்குது. பிழைன்னா அளவு உடம்புலேர்ந்து விலகுறதுன்னு அதுக்குச் சொல்லி வெச்சிருக்கோம். நீங்க உங்க உடம்புலேர்ந்து எப்படி விலக முடியும்? உங்களுக்கு எப்பவும் நூத்துக்கு நூறுதான் வருது."

"அப்ப எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கம்மா."

எடுத்தார்கள். சில்லு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுவது வெள்ளை வெளேரென்று தெரிந்தது. இரண்டு வாரத்தில் மேலேயிருந்து பதில் வந்தது. மாவட்டத்தின் மிகச் சரியான நடை மேற்படி முழங்காலிலிருந்தே வருவதால், மேற்படி முழங்காலின் நிலையே சரியான நிலை என முடிவு செய்யப்படுகிறது. அளவு உடம்பின் உரிமையாளர் அறுவை சிகிச்சை, கட்டு, தைலம் உள்ளிட்ட எதனாலும் அதை மாற்றக் கூடாது.

ஆபிரகாம் சார் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். "தைலங்கூடத் தேய்க்கக் கூடாதாம்," என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்து முடித்தபின் பார்த்தால், முத்தரசியை அனுப்ப இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருந்தது.

மறுநாள் சண்முகக்கனி வந்தாள். அளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். காலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. உள்ளே உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டே பேசினாள்.

"டீச்சர், ஒங்க காலு கெட்டுப்போனது அளத்துல எல்லாத்துக்கும் தெரியும். நீங்க பலகையிலருந்து விழுந்தப்ப எங்க அம்மைதான் தூக்கிட்டு வந்தா."

நான் இடது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அளவு ஜாக்கெட்டு கிழிசலா இருந்தா, தைக்குறதயெல்லாம் கிழிசலாவா தைப்பான்? இவனுவ தைக்கானுவ. சரி, அது போவட்டும். நான் சண்டைக்கு வரல."

"பின்ன என்னக்கா?" அவள் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் வாயில் அக்கா என்றுதான் வந்தது.

"எம்பிள்ளைக்கும் அந்தக் கிழிசலப் போட்டு வுடுங்க. நொண்டுனா நொண்டிட்டுப் போவட்டும். என் கூட இருக்கும்லா. இரும்பு மாட்டி எங்கயோ கொண்டுபோய் வெச்சிட்டு, ஒரு வருசம் நான் என்ன செய்ய?"

"அவளுக்கு அது வர மாட்டேங்கு."

"ஒங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். வலித்தது, அதனால் வந்தது. பிறகு அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். அன்றைக்கு வாரிய உப்பு. ஒவ்வொரு கல்லும் புளியங்கொட்டை அளவு, விளிம்பெல்லாம் கூர்.

"நான் வெச்சா பிள்ள எடுத்துப் போட்டுரும். நீங்க வெச்சா எடுக்காது. டீச்சர்லா."

முத்தரசியின் இடது ஷூவில், குதிகால் படும் இடத்தில், துணியில் முடிந்து வைத்தேன். என் கையால்தான் வைத்தேன். சாக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. முதல் நாள் அவள் வரப்பில் நடப்பதுபோலவே நடந்தாள். முகம் மட்டும் வெளுத்தது. நாலாம் நாள் குதிகால் பொத்துவிட்டது. பொத்த இடத்தில் உப்புப் பட்டால் எப்படி இருக்கும் என்று அளத்து ஆளிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எரியுதாட்டி?"

"எரியுது டீச்சர்."

"எரியும்போது ஒடம்ப வலப்பக்கம் மாத்து."

ஒன்பதாம் நாள் இடது தோள் தானாக இறங்கியது. பதினாறாம் நாள், சரியாக நாலாவது அடியில், நின்றாள். கம்பத்தில் பச்சை எரிந்ததும் ஆபிரகாம் சார் மிட்டாய் வாங்கிவரச் சொன்னார். பிள்ளைகள் முத்தரசியைத் தூக்கிவைத்துக் கூத்தாடினார்கள். அவளும் சிரித்தாள். அவளை விடுதிக்கு அனுப்பும் உத்தரவு ரத்தானது. நான் ஷூவைக் கழற்றி, உப்பைக் கொட்டி, குதிகாலுக்கு மருந்து போட்டேன்.

பொங்கல் முடிந்து மாநில விளையாட்டுப் போட்டி வந்தது. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாப் பந்தயத்திலும் கடைசி. நூறு மீட்டர் ஓட்டத்தை மாநிலமே பார்த்தது. மற்ற மாவட்டத்துப் பிள்ளைகள் ஓட, எங்கள் பிள்ளைகள் நாலடிக்கு ஒருதரம் மரியாதையாக நின்று நின்று போனார்கள். நீளம் தாண்டுதலில் ஒரு பெண் பலகைக்கு முன்னால் நின்று, தோளை இறக்கி, அப்புறம் தாண்டினாள். பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்களாம்.

ஒரே வாரத்தில் என் உடம்பை எல்லாக் கம்பங்களிலிருந்தும் அழித்தார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கைதட்டிய அதிகாரியிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் பத்து நாளில் மறந்துவிட்டு, பழையபடி தாறுமாறாக ஓட ஆரம்பித்தார்கள்.

பிப்ரவரியில் நிவேதினி வந்தாள். இந்த முறை அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"டீச்சர், புது அளவு உடம்பு தேடுறோம். இந்தத் தடவை பெரியவங்க வேண்டாம்னு முடிவு. பழைய பதிவு எல்லாத்தையும் தேடினோம், மாநிலம் பூரா, பன்னெண்டு லட்சம் பிள்ளைங்க. இதைப் பாருங்க."

பலகைக் கணினியில் ஒரு பெண் நடந்தாள். முதல் சிவப்பு விழுந்த நாளில் முத்தரசி.

"இந்த மாதிரி ஒரு நடை எங்ககிட்ட இல்லவே இல்ல. அன்னைக்கு நீங்க சொன்னீங்க, நான்தான் சரியா கேக்கல. இவ சென்னைக்கு வரட்டும். பன்னெண்டாவது வரைக்கும் விளையாட்டுப் பள்ளியில படிக்கலாம். அம்மாவும் கூடவே தங்கிக்கலாம், வீடு குடுக்கிறாங்க. அவங்க இனி உப்பு வார வேண்டாம்."

சண்முகக்கனியை அளத்திலிருந்து கூட்டிவரச் சொன்னோம். வந்தாள். கதவோரம் நின்று முழுவதையும் கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

முத்தரசி மைதானத்தில் நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியில் நின்றாள். இடது தோள் இறங்கியது.

"சும்மா நடம்மா, சாதாரணமா," என்றாள் நிவேதினி.

"சாதாரணமாத்தான் நடக்கேன் டீச்சர்."

நிவேதினி ஷூவைக் கழற்றச் சொன்னாள். வெறுங்காலோடு நடக்கவிட்டாள். குதிகால் ஆறி ரொம்ப நாளாகிவிட்டது, தழும்புகூடச் சரியாகத் தெரியாது. ஆனால் கால் நின்றது. அளத்துக்குக் கூட்டிப்போனோம். குடத்தில் தண்ணீர் நிரப்பித் தலையில் வைத்து, வரப்பில் நடக்கச் சொன்னாள். நாலாவது அடியில் தண்ணீர் தளும்பி அவள் கழுத்தில் வழிந்தது. எட்டாவது அடியிலும் வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளாமல் கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள்.

நிவேதினி வீடியோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "பதிவுல ஏதோ ஆள் மாறாட்டம் ஆயிருக்கு போல. சாரி டீச்சர். அடுத்த பிள்ளை வேற மாவட்டத்துல இருக்கு, நான் சாயங்கால வண்டியப் பிடிக்கணும்."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உப்பு, ஷூ, பதினாறு நாள். அவள் பாவம், கண் கலங்கிவிட்டாள். ஆனால் அவளுக்கு வேண்டியது நடைதான். அது இப்போது வீடியோவில்தான் இருந்தது.

ஜீப் போனபின் சண்முகக்கனி குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாத்தியில் இறங்கினாள். பலகையால் உப்பை இழுக்க ஆரம்பித்தாள். முத்தரசி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர்."

"என்னட்டி?"

"நொண்டுறதுக்குச் சொல்லிக் குடுத்தீய. அத மறக்குறதுக்கு எப்பச் சொல்லிக் குடுப்பீய?"

கோபமாகக் கேட்கவில்லை. நோட்டு எப்போது திருத்தித் தருவீர்கள் என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

இப்போது ஒன்றரை வருடமாகிறது. பள்ளி தொடங்குமுன் அவளை மைதானத்தில் நடக்கவைக்கிறேன். பாடச் சொல்லிப் பார்த்தேன், கண்ணைக் கட்டிப் பார்த்தேன், அலைக்குள் நடக்கவிட்டுப் பார்த்தேன். தெரிந்த டாக்டர் எல்லோரிடமும் காட்டியாயிற்று. காலில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். அவள் சலிக்காமல் வருகிறாள், சலிக்காமல் நடக்கிறாள், நாலாவது அடியில் நிற்கிறாள்.

முத்தரசிக்கு நான் ஒரு நேரான நடை திருப்பித் தர வேண்டும். இன்றுவரை தரவில்லை.